வுல்வர்ஹாம்ப்டனில் கழன்ற முகமூடி

முகமூடி கழன்றதும் முதலில் கண்ணில் படுவது அவருடைய தலைதான். மழித்த தலை, உச்சியில் பச்சை குத்திய ஒரு சின்னம், பின்னால் மட்டும் விட்டுவைத்த முடி நீளப் பின்னலாகத் தொங்குகிறது. பிறகுதான் கண்களைக் கவனிக்கிறோம். இரண்டும் சிவப்பு.

1977 டிசம்பர் 20. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரிலுள்ள சிவிக் ஹால். கெண்டோ நாகசாகி என்ற மல்யுத்த வீரர், பதின்மூன்று ஆண்டுகளாக அணிந்துவந்த முகமூடியைத் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் விலக்கிய நாள் அது. அன்று அவர் யாரிடமும் தோற்கவில்லை, யாரும் அதைப் பிடுங்கவும் இல்லை. தானாக மனம் ஒப்பி, ஒரு கோயில் சடங்கைப் போல நிதானமாக அதைச் செய்தார்.

அந்தப் பதிவை நான் இருபது முறையாவது பார்த்திருப்பேன். நண்பர்களுக்குக் காட்டினால் சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்தபோது நான் பள்ளிச் சிறுவன். அமெரிக்க மல்யுத்தம் பார்க்கப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் கூடுவோம். வீரர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட டிரம்ப் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். அண்டர்டேக்கர் அட்டையை யாரிடமும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் அண்ணன் சொன்னான்: “எல்லாம் பொய். யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.” அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அட்டைகளை மேசை இழுப்பறையின் அடியில் போட்டேன். அதன்பின் மல்யுத்தம் பார்க்கவே இல்லை.

கிட்டத்தட்ட கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஓர் இரவில், வேறு எதையோ தேடப்போய் இந்தப் பதிவு கிடைத்தது. அண்ணன் சொன்னது உண்மைதான். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதுதான். ஆனால் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து நடக்கும்போது, படுகளத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்போம். விடிந்ததும் பெண்கள் துடைப்பத்தோடு போய் அவனுடைய மண்ணுருவத்தை அடிப்பார்கள். அதைப் பொய் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து மல்யுத்த அரங்குகளில் முன்வரிசைப் பாட்டிமார்கள் கைப்பையாலும் குடையாலும் கெட்ட வீரர்களை அடித்ததைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தத் துடைப்பங்கள்தான் நினைவுக்கு வந்தன.

நாகசாகியின் உண்மைப் பெயர் பீட்டர் தார்ன்லி. 1941இல் பிறந்தவர். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்துக்காரர். இளம் வயதில் தொழிற்கூட விபத்தில் கை விரலொன்றின் நுனியை இழந்தவர். முகத்தை மூடிவிடலாம், விரலை எப்படி மறைப்பது? பிற்காலத்தில் அவரை அடையாளம் காண விரும்பிய ரசிகர்கள் அந்த விரலைத்தான் தேடினார்கள்.

முதல் ஆட்டம் 1964 நவம்பரில், வுல்வர்ஹாம்ப்டனுக்குச் சில மைல் தள்ளியிருக்கும் வில்லன்ஹாலின் நகராட்சிக் குளியல் மண்டபத்தில் நடந்தது. எதிரே நின்றவர் ஜிம் ஹஸி, அனுபவசாலி. குளியல் மண்டபத்தில் மல்யுத்தமா என்று கேட்கலாம். குளிர்காலத்தில் நகராட்சி நீச்சல்குளங்களைப் பலகை போட்டு மூடி, அதன்மேல் நாற்காலிகளை வரிசைப்படுத்தி, நடுவே ரிங்கை நிறுத்துவது அன்று அந்த நாட்டில் சர்வசாதாரணம். டிக்கெட் வாங்கி வருபவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், ஆலைப் பெண்கள், ஓய்வுபெற்ற முதியவர்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஐ.டி.வி. தொலைக்காட்சியில் மல்யுத்தம் வரும். அன்றைய கால்பந்து முடிவுகளுக்காகக் காத்திருக்கும் குடும்பம் முழுக்க அதைப் பார்க்கும். கென்ட் வால்டன் என்பவரின் வர்ணனைக் குரல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வீடுகளில் ஒலித்தது.

நாம் கேபிளில் பார்த்த அமெரிக்கக் கூச்சலை மனதில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் மல்யுத்தத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். 1947இல் அட்மிரல் மவுண்ட்எவன்ஸ் பிரபுவின் பெயரால் ஒரு விதித் தொகுப்பு வந்தது. குத்துச்சண்டையைப் போலச் சுற்றுகள் உண்டு. எதிராளியின் இரு தோள்களையும் தரையில் அழுத்தி மூன்று எண்ணினால் ஒரு வீழ்த்தல். வலி தாங்காமல் ‘விடு’ என்று ஒப்புக்கொண்டால் அது ஒரு பணிவு. வீழ்த்தலோ பணிவோ, இரண்டு பெற்றவர் வெல்வார். பத்து எண்ணியும் எழாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். விதியை மீறினால் நடுவர் எல்லோருக்கும் கேட்கும்படி எச்சரிப்பார்; இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகும் மீறினால் ஆட்டம் பறிபோகும். 1952இல் பெரிய ஏற்பாட்டாளர்கள் சிலர் ஜாயின்ட் புரமோஷன்ஸ் என்று கூட்டுச் சேர்ந்து, நாட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். வீரர்கள் ஒவ்வோர் இரவும் ஓர் ஊரில். காரில் போய், ஆடி, இரவோடிரவாகத் திரும்பி, மறுநாள் வேறு திசையில் ஓட வேண்டும்.

விதிகளும் கண்ணியமும் நிறைந்த இந்த உலகத்துக்குள் நாகசாகி வந்து நின்றதுதான் விசேஷம். ஜப்பானியப் போர்வீரனின் அங்கி. கையில் வாள். முகம் முழுவதையும் மூடிய, கோடுகள் போட்ட முகமூடி. ஆட்டத்துக்கு முன் உப்பை வீசித் தரையைத் தூய்மைப்படுத்துவார். நடுவர் திரும்பியிருக்கும் சமயம் அந்த உப்பு எதிராளியின் கண்ணுக்கும் போகும். ஒரு சொல்லும் பேச மாட்டார். எதிராளியைத் தோளில் தூக்கிக்கொண்டு தானும் உருண்டு, இருவர் எடையும் சேர்ந்து அவன்மேலேயே இறங்கும்படி விழுவார். காமிகாசி கிராஷ் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு எழுந்தவர்கள் குறைவு.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கவுண்ட் பார்டெல்லி என்று ஒருவர் இருந்தார். உண்மைப் பெயர் ஜெஃப் காண்ட்லிஃப். ஸ்டோக்கிலிருந்து அதிக தூரமில்லாத க்ரூ நகரத்துக்காரர். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளாக முகமூடியோடு ஆடியவர். முகமூடி வீரர்கள் தோற்றால் முகத்தைக் காட்ட வேண்டும் என்பது மரபு. இருபது ஆண்டுகள் முகத்தைக் காட்டவில்லை என்றால் என்ன பொருள் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். தார்ன்லி என்ற இளைஞனுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் இந்தக் காண்ட்லிஃப்தான்.

1966 மார்ச்சில், ஸ்டோக்கின் ஹான்லி பகுதியிலுள்ள விக்டோரியா ஹாலில் இருவரும் முகமூடிக்கு முகமூடி பந்தயம் கட்டி மோதினார்கள். பார்டெல்லி தோற்றார். முகமூடி கழன்றது. இரண்டு பேருக்குமே அது சொந்த வட்டாரம். எத்தனையோ இரவுகள் பார்டெல்லியைப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் அந்த நாற்காலிகளில் இருந்தார்கள்.

அந்த இரவை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்றால் என்ன அர்த்தம்? இருபது ஆண்டுச் சேமிப்பை ஒரே இரவில் ஒரு சீடனின் கையில் வைத்துவிட ஆசிரியர் சம்மதித்தார் என்று அர்த்தம். எதிர்பாராமல் தோற்பது எவருக்கும் நேரும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்து, காரை ஓட்டிக்கொண்டு வந்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கடைசி முறையாக முகமூடியின் கயிற்றைக் கட்டிக்கொண்டு போவதற்கு வேறு மனம் வேண்டும். அண்ணன் ‘பொய்’ என்று சொன்ன அந்த ஏற்பாட்டுக்குள்தான் இந்த ஈகை இருக்கிறது. உண்மையான போட்டியில் இதற்கு இடமே கிடையாது. காண்ட்லிஃப் அதன்பிறகு வீட்டில் உட்கார்ந்துவிடவும் இல்லை. வெறும் முகத்தோடு, அதே பார்டெல்லி என்ற பெயரில், இன்னும் பல ஆண்டுகள் ஆடினார்.

இனி எனக்குச் சங்கடமான ஒரு விஷயம். அந்தப் பெயர். கெண்டோ என்றால் வாட்போர்க் கலை, அது இருக்கட்டும். நாகசாகி என்பது 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டில் கருகிய ஊர். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து சில மாதங்களே ஆன நிலையில், அந்த ஊரின் பெயரை ஓர் அச்சமூட்டும் கெட்டவனுக்குச் சூட்டினார்கள். பார்க்க வந்தவர்களின் மனநிலையும் புரியாமல் இல்லை. ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். அவர்களை வேலை வாங்கிய சயாம்–பர்மா ரயில் பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். ஆகவே அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனாலும் சாம்பலாகிப்போன ஓர் ஊர், அதில் வெந்த பள்ளிக்குழந்தைகள், அந்தப் பெயரை எடுத்து ஒரு பயங்கரத்தின் பெயராக ஆக்கியது தவறு என்றே நினைக்கிறேன். இந்த மனிதரின் கலையை இவ்வளவு நேசித்தும் அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் என் கை ஒரு நொடி தயங்குகிறது.

பின்னாளில் கசுவோ சகுராடா என்ற உண்மையான ஜப்பானிய வீரர் அமெரிக்காவில் இதே பெயரில் ஆடினார். இணையத்தில் தேடுபவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முகமூடி மல்யுத்தம் என்றதும் பலருக்கு மெக்சிகோதான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, 1860களில், பாரிஸில் ‘முகமூடி மல்லன்’ என்று ஒருவர் ஆடி நகரத்தையே பேச வைத்தார். 1950களின் இறுதியில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி மல்யுத்தத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனபோது அங்கே லான்ஜ் பிளான், அதாவது வெள்ளைத் தேவதூதன், தோன்றினார். ஃபிரான்சிஸ்கோ பினோ ஃபாரினா என்ற ஸ்பானியர் அவர். தலை முதல் கால் வரை வெள்ளை. அவருக்கு எதிரியாக நின்றவர்களில் ஒருவர், பெத்தூன் என்ற வடக்கத்திச் சுரங்க நகரத்தின் பெயரைத் தாங்கிய ‘மரண தண்டனை நிறைவேற்றுபவன்’, அவரும் முகமூடிக்காரர். வெள்ளை நல்லது, கறுப்பு கெட்டது. பிரான்சின் குழந்தைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்று முறை வேறு. வியன்னாவின் ஹொய்மார்க்ட், ஹானோவர், ஹாம்பர்க் திடல்களில் ஒரே இடத்தில், ஒரே கூட்டத்தின் முன், வாரக்கணக்கில் தொடர் போட்டிகள் நடக்கும். பிரிட்டனில் ஓர் இரவு ஆடிவிட்டு ஊரை விட்டுப் போய்விடலாம். அங்கே முகமூடிக்காரர் அதே நகரத்தில் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், ஷேவ் செய்துகொள்ள வேண்டும், மறுநாள் மாலை அதே ரசிகர்கள் முன் புதிராக நிற்க வேண்டும். ரிங்கில் செலவாகும் உழைப்பைவிட ரிங்குக்கு வெளியே செலவாகும் உழைப்பு அதிகம் என்று தோன்றுகிறது.

லண்டன் சோஹோவின் புகழ்பெற்ற டூ ஐஸ் காபி கடையை நடத்திய ஆஸ்திரேலியர் பால் லிங்கனே டாக்டர் டெத் என்ற முகமூடி வீரராகவும் இருந்தார். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த எத்தனை இளைஞர்கள், கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று அறியாமலே எழுந்து போயிருப்பார்களோ!

நாகசாகியின் முகமூடி இவர்கள் எல்லோருடையதிலிருந்தும் ஒரு விதத்தில் வேறுபட்டது. அவர் அதைத் தொழிற்கருவியாக வைத்துக்கொள்ளவில்லை, அதற்குள் குடியிருந்தார். பேட்டி கிடையாது, கையசைப்பு கிடையாது, ரசிகர்களுக்குப் புன்னகை கிடையாது. எழுபதுகளில் அவருக்காகப் பேச இன்னொருவர் வந்தார்: ‘கார்ஜஸ்’ ஜார்ஜ் ஜில்லெட். மினுமினுக்கும் உடை, அலங்கரித்த முகம், ஓயாத வாய். நாகசாகி பேசாத ஒவ்வொரு சொல்லையும் ஜில்லெட் பத்து மடங்காகப் பேசினார். அவர் சத்தமிடச் சத்தமிட, பக்கத்தில் அசையாமல் நிற்கும் உருவத்தின் மௌனம் இன்னும் கனத்தது. இருவரையும் ஒரே சட்டகத்தில் பார்க்கும்போது மேளமும் சுருதிப் பெட்டியும் போல இருப்பார்கள். ஒன்று துள்ளுகிறது, மற்றொன்று ஒரே இடத்தில் நிற்கிறது.

அந்த உருவம் ஒருமுறை உண்மையாகவே தடுமாறியது. 1975 டிசம்பர், சொலிஹல் நகரம். எதிரே பிக் டாடி. ஷெர்லி கிராப்ட்ரீ என்ற அந்தப் பிரம்மாண்டமான மனிதர்தான் சில ஆண்டுகளில் பிரிட்டனின் குழந்தைகளுக்கெல்லாம் செல்ல மாமாவாகப்போகிறவர். ஆட்டத்தின் நடுவே அவர் நாகசாகியின் முகமூடியைப் பிடுங்கிவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இளமையான, வெளிறிய ஒரு முகம் ஒரு கணம் தெரிந்தது. கைகளால் மூடிக்கொண்டு ஓடினார். ஒப்பனை இல்லாத முகம். அந்த நாட்டுத் தெருவில் எதிரே வந்தால் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

இரண்டு ஆண்டு கழித்து வுல்வர்ஹாம்ப்டனில் நடந்தது, சொலிஹலில் நடந்ததற்கு அவர் சொன்ன பதில் என்றே நான் படிக்கிறேன். இது என் ஊகம்தான். ஒருமுறை ஜனங்கள் ஒரு சாதாரண மனிதனின் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். இனி எப்போது பார்த்தாலும் அந்த முகம் அங்கே இருக்கக் கூடாது. அதனால் தலையை மழித்தார், உச்சந்தலையில் ஊசியால் சின்னத்தைப் பதித்துக்கொண்டார், பின்னலை வளர்த்தார், கண்களில் சிவப்பு வில்லைகளை வைத்துக்கொண்டார். பிறகு மேடையேறி, “பாருங்கள்” என்று முகத்தைக் காட்டினார். பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். அவர்கள் கண்டது கெண்டோ நாகசாகியைத்தான். பீட்டர் தார்ன்லி அன்றைக்கும் வெளியே வரவில்லை.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. முகமூடி என்பது முகத்தை மூடுவது, கழற்றினால் போய்விடும். வேடம் என்பது கட்டுவது, ஆளையே மாற்றிவிடும். கூத்துக்காரர்கள் வேடம் கட்டிய பிறகு கண்ணாடியில் தன்னையே தெரியாமல் நிற்பதைப் பற்றிச் சொல்வார்கள். வுல்வர்ஹாம்ப்டனில் கழன்றது முகமூடி மட்டும். வேடம் கலையவில்லை. சிலிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடி நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். பச்சை குத்துவது வலிக்கும். அழியாது. மறுநாள் காலை பால் வாங்கப் போனாலும் அது தலையில் இருக்கும். யாரோ எழுதிவைத்த கதைக்காக ஒரு மனிதர் தன் சொந்தத் தோலைக் கொடுத்தார் என்றால், அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மெக்சிகோவின் முகமூடி மல்லன் எல் சாண்டோவை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1984 தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் முகமூடியைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டினார். சில நாட்களில் இறந்தார். வெள்ளி முகமூடியோடேயே அடக்கம் செய்தார்கள். அந்த நாட்டில் அது ஒரு புனிதம். இங்கிலாந்தில் அப்படியொரு வழிபாடு கிடையாது. சனிக்கிழமை மாலைத் தேநீருக்கு நடுவே பார்க்கும் ஒரு பொழுதுபோக்குக்காகத் தார்ன்லி இவ்வளவு செய்தார் என்பதில்தான் எனக்கு வியப்பு.

1978இல் அவர் ஒதுங்கினார். எண்பதுகளின் நடுவில் திரும்பி வந்தார், முகமூடியோடு! முகத்தைக் காட்டியாயிற்றே, மறுபடி எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத் தோன்றாது, அவர் அதோடு நிற்பதுதான் இயல்பாக இருந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. அவர் போய்ச் சேர்ந்த இடம் பிரையன் டிக்சனின் ஆல் ஸ்டார் என்ற மல்யுத்த நிறுவனம். இளைஞர்களான ராபி புரூக்சைடும், பின்னாளில் வில்லியம் ரீகல் என்று அமெரிக்காவில் புகழ்பெற்ற ஸ்டீவ் ரீகலும் அங்கே ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நாகசாகி வெறும் பார்வையால் புரூக்சைடை வசியப்படுத்தி, தன் ஜோடிக்கு எதிராகவே திரும்ப வைப்பார். புரூக்சைடின் கண்கள் மங்கி, தோள்கள் தொங்கி, நண்பனை நோக்கி நடக்கும் காட்சியைப் பாருங்கள். குறளி வித்தைக்காரன் முன்னால் நின்ற சிறுவயது ஞாபகம் எனக்கு வந்துவிட்டது.

1988 டிசம்பரோடு ஐ.டி.வி. மல்யுத்தத்தை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே பிக் டாடியின் வயிற்றை நம்பி, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஆட்டங்களைக் காட்டி, ஜாயின்ட் புரமோஷன்ஸ் தன் கூட்டத்தைத் தானே கரைத்துக்கொண்டிருந்தது. பாட்டிமார்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். அரங்குகளில் வேறு நிகழ்ச்சிகள் வந்தன. இருந்தும் தொலைக்காட்சி கைவிட்ட பிறகு சில ஆண்டுகள் ஆல் ஸ்டார் அரங்குகளை நிரப்பியது. விளம்பரத் தாளின் உச்சியில் நாகசாகியின் பெயர் இருந்தது. 1990இல் ஜார்ஜ் ஜில்லெட் இறந்தார். டிரம்ஸ் கலைஞரான லாய்ட் ரயனும் நாகசாகிக்கு மேலாளராக இருந்திருக்கிறார், அவரும் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த முதல் ஜோடியின் பொருத்தம் மறுபடி வாய்க்கவில்லை என்பது என் எண்ணம்.

அதே காலகட்டத்தில் ஓவியர் பீட்டர் பிளேக் நாகசாகியை வரைந்தார். பீட்டில்ஸ் குழுவின் மிகப் பிரபலமான இசைத்தட்டு அட்டையை உருவாக்கியவர்களில் ஒருவர் பிளேக். சிறுவயதிலிருந்தே மல்யுத்த ரசிகர். அறுபதுகளிலேயே மல்யுத்த வீரர்களை வரைந்தவர். 1992இல் பி.பி.சி. இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. நாட்டின் பெரிய ஓவியர் ஒருவர் எதிரே அமர்ந்து வரைகிறார். முகத்தை வரைய வேண்டியவரின் எதிரே முகமே இல்லை. உருவப்படம் என்ற கலைக்கு இதைவிடக் கடினமான சோதனை உண்டா? பிளேக் அதைத் துணி என்று எண்ணாமல் ஒரு முகமாகவே மதித்தார். வீதிக் கலைஞர்களை மதிக்கத் தெரிந்த பெரிய கலைஞர்கள்மேல் எனக்கு எப்போதுமே தனி அன்பு உண்டு.

அறுபது வயதை நெருங்கியபோதும் நாகசாகி மறுபடி களத்தில் இறங்கினார். அதன்பின் நெடுங்காலம் ஓசையில்லை. 2018இல்தான் பீட்டர் தார்ன்லி தன் வாழ்க்கையைத் தன் பெயரில் எழுதி வெளியிட்டார். ஆண்களையும் பெண்களையும் நேசித்தவன் என்று அதில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார்.

இதைப் படித்ததும் நான் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவர் முதல் ஆட்டம் ஆடியது 1964இல். இங்கிலாந்தில் ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்ற சட்டம் தளர்ந்தது 1967இல். அதுவும் இருபத்தொரு வயதைக் கடந்தவர்களுக்கு, மூடிய கதவுக்குள் மட்டும். ஆக முகமூடியை முதன்முதலில் கட்டிக்கொண்ட இளைஞனுக்கு, அதைத் தவிர இன்னொன்றையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. முதலாவதைப் பார்க்க ஜனங்கள் பணம் கொடுத்தார்கள். இரண்டாவது இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது. முதலாவதை அவரே தேர்ந்தெடுத்தார், தோலிலும் பதித்துக்கொண்டார், வேண்டியபோது விலக்கினார், வேண்டியபோது மறுபடி அணிந்தார். இரண்டாவதை விலக்க ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. எழுபத்தாறு வயதில் ஒருவர் தன் முழுப்பெயரோடு அதை எழுதியதை நினைக்கும்போது, வுல்வர்ஹாம்ப்டன் மேடையில் நிகழ்ந்ததைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மேளதாளம் இல்லை, ஜில்லெட் இல்லை, சிவப்புக் கண் இல்லை.

போன பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து அவன் சாய்ந்திருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் அந்தப் பதிவைப் போட்டுக் கையில் கொடுத்தேன். கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவனால் நெடுநேரம் குனிந்து பார்க்க முடியாது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். முகமூடி கழன்றது. தலை, சின்னம், பின்னல், கண்கள். முடிந்ததும் திருப்பிக் கொடுப்பான் என்று கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. கட்டை விரலால் பின்னோக்கித் தள்ளி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

“அந்தப் பச்சை உண்மையாகவே குத்தியதா?” என்று கேட்டான்.

“ஆமாம்.”

“கடைசி வரை தலையில் இருக்குமே.”

“இருக்கும், அண்ணா.”

உள்ளேயிருந்து அண்ணி காபிக்குக் கூப்பிட்டார். அவன் எழுந்திருக்கவில்லை.